மத்தியானம் மட்டும் வரும் வைஃபை

அந்த ஜன்னலோட மல்லுக்கு நிக்காதீங்க சார். இந்த வண்டியில ஜன்னல் பாதிக்கு மேல ஏறாது, ஏறினா இறங்காது. அப்படியே விட்டுட்டு இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க, மத்தியான வெயில் உறைக்காது. தெரிஞ்சுதான் சொல்றேன். சர்வீஸ் பூரா சீர்காழி பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தவன் நான். ஞானசம்பந்தம்னு கேட்டா யாருக்கும் தெரியாது. டைம் கீப்பர் வீடுன்னு கேட்டா டீக்கடையில கூட வழி சொல்லுவாங்க. இப்ப பாருங்க, வண்டி கிளம்ப வேண்டிய நேரம் எப்பவோ போச்சு. கண்டக்டர் நின்னு டீ ஆத்திக்கிட்டு இருக்கார். சரி, விடுங்க. இதெல்லாம் பாத்தா நமக்குத்தான் பிரஷர் ஏறும்.

மாயவரம்தானே? நானும் மாயவரம்தான். போலீஸ் ஸ்டேஷனுக்கு.

அட, ஏன் சார் பையைத் தூக்கி மடியில வச்சுக்கறீங்க? நான் புகார் கொடுக்கப் போறவன். சைபர் கிரைம்னு தனியா ஒரு பிரிவு இருக்காமே, அங்க. எதிராளி யாருன்னா பக்கத்து வீட்டு கலியமூர்த்தி. மாவு மில் வச்சிருக்கான். மிளகாய் அரைக்கிறவனுக்கும் சைபர் கிரைமுக்கும் என்னய்யா இருக்குன்னு நினைக்கிறீங்கல்ல? மாயவரம் போய்ச் சேர்றதுக்குள்ள நீங்களே சொல்லுவீங்க, அவனை உள்ளே வைக்கணும்னு.

சாட்சிக்கு ஆள் இருக்கு. வீட்டுல அவங்களும் வர்றாங்க. அதோ, டிரைவருக்குப் பின்னாடி லேடீஸ் சீட்டு, பச்சைப் புடவை. காதுல ஒயர் மாட்டியிருக்காளே, அவதான். வசந்தா. வழக்கமா என்கூட எங்கயும் கிளம்ப மாட்டா. இன்னிக்கு நான் சட்டையை மாட்டறப்ப வந்து நின்னு, "நானும் வர்றேன். ஸ்டேஷன்ல கேப்பாங்கல்ல, அங்க நான் சொல்லிக்கறேன்"னா. இத்தனை வருஷக் குடித்தனத்துல எனக்காக நாலு பேர் முன்னாடி பேசறேன்னு அவளா கிளம்பினது இதான் முதல் தடவை.

கிளம்பிட்டான். நல்ல காலம்.

விஷயத்துக்கு வர்றேன். எங்க வீட்டுல வைஃபை இருக்கு. மகன் ஓசூர்ல வேலையில இருக்கான், அவன்தான் போட்டுக் கொடுத்தான். சாயங்காலம் அவன் கூப்பிட்டா முகம் பாத்துப் பேசலாம். நல்ல விஷயம்தான். ஆனா அந்த மோடம் இருக்கே, அதைத் தொட்டுப் பாருங்க, காய்ச்சல் கண்ட குழந்தை நெத்தி மாதிரி சுடும். மெஷின்னா அதுக்கு ஓய்வு வேணும் சார். பஸ் இன்ஜினையே டிரிப்புக்கும் டிரிப்புக்கும் நடுவுல ஆற விடறோம். இது என்ன, சோப்பு டப்பா மாதிரி. அதனால மத்தியானம் சாப்பிட்டதும் மோடத்தை அணைச்சுட்டு, அதுவும் படுக்கட்டும், நாமும் படுப்போம்னு படுத்துடுவேன். சாயங்காலம் காபி குடிச்சுட்டுத்தான் திரும்பப் போடறது. என் பையனே கேட்டுட்டு சிரிச்சான். சிரிக்கட்டும். இன்னி வரைக்கும் எங்க மோடம் ஒரு தடவை கூட ரிப்பேர் ஆகலை.

வசந்தா மட்டும் ஆரம்பத்துல ஏதோ சொன்னா. "மத்தியானம் அணைக்காதீங்க, எனக்கு அந்த நேரத்துலதான் வேணும்"னு. மத்தியானத்துல உனக்கு எதுக்கு வைஃபைன்னேன். "பசங்களுக்கு" அப்படின்னா. எந்தப் பசங்க? நமக்கு இருக்கறது ஒரே பையன், அவன் அந்த நேரத்துல ஆபீஸ்ல இருப்பான். ஆஸ்திரேலியா, அங்க அப்ப சாயங்காலம், அது இதுன்னு என்னமோ சொல்லிட்டு நின்னா. எனக்குக் கண்ணு சொருகுது. வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு ஆஸ்திரேலியாவுல இப்ப மணி என்னன்னு யார் சார் கேப்பாங்க? மெஷினுக்கு ஓய்வு வேணும்டின்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்தேன். மறுநாளும் கேட்டா. அதுக்கப்புறம் கேக்கலை. புரிஞ்சுக்கிட்டா. வசந்தாகிட்ட அந்த நல்ல குணம் உண்டு. ஒண்ணு கிடையாதுன்னா கிடையாது, திரும்பத் திரும்ப நச்சரிக்க மாட்டா.

அவ போன்ல நெட்டா? இல்லை, பேசறதுக்கு மட்டும்தான் போட்டு விட்டிருக்கேன். வீட்டுலதான் வைஃபை இருக்கே, அப்புறம் அதுல வேற எதுக்கு?

ஒரு நாள் மத்தியானம் நல்லா தூங்கிட்டு இருக்கேன், கரெண்ட் போய் ஃபேன் நின்னுடுச்சு. வேர்த்துக் கொட்டுது. முழிச்சு, போனை எடுத்து மணி பாத்தேன். பாத்த கையோட விரல் எங்கயோ பட்டு அந்த வைஃபை வரிசை திறந்துடுச்சு. எப்பவும் அதுல தெருவே இருக்கும். எதிர் வீட்டு மேஸ்திரி, மெடிக்கல் ஷாப், எல்லாம் இங்கிலீஷ்ல. அன்னிக்குக் கரெண்ட் இல்லாததால ஒருத்தனையும் காணோம். ஒண்ணே ஒண்ணு மட்டும் நிக்குது. அதுவும் தமிழ்ல.

அபயாம்பாள்.

எங்கம்மா பேர் சார். அம்மா போய்ச் சேர்ந்து வருஷம் ஆச்சு. அவங்க இருந்த வரைக்கும் போனைக் கையால தொட்டதில்லை. அந்தப் பேர் மேல விரல் வச்சா, பாஸ்வேர்ட் கேக்குது. பெத்த அம்மா பேர், உள்ளே வரணும்னா பாஸ்வேர்ட் கொடுங்கறா!

அந்தப் பேர் எங்க வீட்டுல சும்மா சொல்ற பேர் கிடையாது. இப்ப வசந்தாவையே எடுத்துக்கங்க. கல்யாணமாகி வந்தப்ப அவ பேரும் அதுதான். அம்மாவும் மாயவரத்துப் பொண்ணு, இவளும் மாயவரத்துப் பொண்ணு. அந்த ஊர்ல அம்மன் பேரை வீட்டுக்கு ஒருத்திக்கு வச்சிருப்பாங்க. மாமியாரும் மருமகளும் ஒரே பேர்னா எப்படி சார் கூப்பிடறது? "ஏண்டி அபயாம்பா, பாலைப் பொங்க விட்டுட்டு எங்கடி போனே"ன்னு அம்மா அதட்டினா, தன்னைத்தானே அதட்டிக்கிற மாதிரி ஆகாதா? நான் கூப்பிட்டா, பெத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிடற மாதிரி. அதனால தாலி கட்டின மறுநாளே அம்மா, "நீ இனிமே வசந்தா"ன்னுட்டாங்க. அத்தோட அந்தப் பேச்சு முடிஞ்சது. எதுக்குச் சொல்ல வந்தேன்? ஆங், அவ்வளவு மரியாதையா வச்சிருந்த பேர். அதை எவனோ தூக்கி வைஃபைக்கு வச்சிருக்கான்.

எவனோ என்ன எவனோ. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. கரெண்ட் இல்லாதப்ப வைஃபை ஓடுதுன்னா இன்வெர்ட்டர் இருக்கற வீடு. எங்க பக்கத்துல இன்வெர்ட்டர் இருக்கறது கலியமூர்த்தி வீட்டுலதான். இன்னொண்ணு, அம்மா இருந்தப்ப அவனுக்கும் அம்மாவுக்கும் சாக்கடைத் தண்ணித் தகராறு. அம்மா அவனை "தவிட்டு மூஞ்சி"ன்னுதான் கூப்பிடுவாங்க, அவன் காதுல விழற மாதிரி. அவங்க இருந்த வரைக்கும் பதில் சொல்லத் தைரியம் இல்லாதவன், இப்பத் தீத்துக்கறான்.

இருந்தாலும் நான் எடுத்தோம் கவிழ்த்தோம்னு பேசறவன் இல்லை. ஒவ்வொண்ணா சோதிச்சேன். மறுநாள் மத்தியானம் நம்ம மோடத்தை அணைச்சுட்டுப் படுக்காம உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரத்துல டாண்ணு வந்து நின்னுது, அபயாம்பாள். நான் காபி குடிச்சுட்டு மோடத்தைப் போடற நேரத்துக்கெல்லாம் காணாமப் போச்சு. அதுக்கு அடுத்த நாளும் அப்படியே. நம்முது நின்னா அது வருது, நம்முது வந்தா அது போகுது. என்ன அர்த்தம்? நான் எப்ப அணைக்கிறேன்னு ஒருத்தன் பாத்துக்கிட்டே இருக்கான்!

போனைக் கையில பிடிச்சுக்கிட்டு வீடு பூரா நடந்தேன். விசிறி மாதிரி ஒரு படம் வரும் பாருங்க, அது வாசல்ல கொஞ்சமாத் தெரியுது. கூடத்துல பாதி. பின்கட்டு ரூம் கிட்டப் போகப் போக ஏறிக்கிட்டே வருது. உள்ளே போனா முழுசா நிக்குது. அந்த ரூம் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கலியமூர்த்தி வீடு. வேற என்ன சார் வேணும்?

உள்ளே வசந்தா தையல் மெஷின் பக்கத்துல உக்காந்திருந்தா. காதுல ஒயர், கையில போன். மத்தியானத்துல அவ தூங்க மாட்டா, இப்படித்தான் ஏதாவது பாட்டு கேட்டுட்டு, கூடவே என்னமோ முணுமுணுத்துட்டு இருப்பா. நெட் இல்லாம எப்படிக் கேப்பான்னா, முன்னாடியே ஏத்தி வச்சிருப்பா, அதெல்லாம் இப்ப இருக்கே. நான் ஒவ்வொரு சுவரா போனைக் காட்டிக்கிட்டு வர்றேன், அவ மூஞ்சி வெளிறிப் போச்சு. பாவம், அவளும் அந்தப் பேரைப் பாத்தா பயந்துதானே போவா. "யாரோ வச்சுட்டுப் போகட்டும். அது உங்களை என்னங்க பண்ணுது?"ன்னா. என்ன பண்ணுதா? எங்கம்மா பேருடின்னேன். "ஆமாம், உங்கம்மா பேர்தான்"னு சொல்லிட்டுத் திரும்பிக்கிட்டா.

அந்த ரூம்ல ஒரு கூத்து நடந்தது. சொல்லலாமா? இன்னொரு நாள் நான் சுவத்துல காது வச்சுக் கேட்டுட்டு இருக்கேன், இவ உள்ளேருந்து "வாழைப்பழம், வாழைப்பழம்"னு திரும்பத் திரும்பச் சொல்றா. நல்லா அழுத்தி, ஆசையா. சரி, ஏதோ ஆசைப்படறா, வாய் விட்டுக் கேக்கக் கூச்சம்னு சாயங்காலம் ஒரு சீப்பு பூவம்பழம் வாங்கிட்டு வந்து கொடுத்தேன். "இது எதுக்கு?"ன்னா. "நீதானே கேட்டே"ன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா சார். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. நான் என்ன தப்பா சொன்னேன்? ஆனா அவ அப்படிச் சிரிச்சு ரொம்ப நாள் ஆச்சு, அதனால நானும் கேக்கலை.

வைத்தீஸ்வரன்கோயில் வருது பாருங்க. இறங்கறவங்க இறங்குவாங்க, நீங்க உக்காருங்க.

அப்புறம் வைஃபை கம்பெனிக்குப் போன் பண்ணினேன். ஒருத்தர் வந்தார். மோடத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். "இது நம்ம பெட்டியிலேருந்து வரலை சார். வேற யாரோ வச்சிருக்காங்க. காத்துல வர்றதை நான் என்ன சார் பண்றது?"ன்னு கையை விரிச்சுட்டார். காத்துல சாக்கடை நாத்தம் வந்தா முனிசிபாலிடிகிட்ட சொல்றோம்ல? நானே பின்கட்டுச் சுவர் பூரா சில்வர் பேப்பர் ஒட்டினேன். பிரியாணிப் பொட்டலம் கட்டற பேப்பர். கடையில இருந்த ரோல் அத்தனையும் வாங்கினேன். ஒட்டி முடிச்சுட்டு ரூம் நடுவுல நின்னு பாத்தா, விசிறி முன்னைவிட ஜோரா நிக்குது. ஒரு கோடு குறையலை. வசந்தா பாத்துட்டு, "கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு"ன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்.

நேரா போய்க் கலியமூர்த்தி கதவைத் தட்டினேன். நல்ல முறையிலதான் ஆரம்பிச்சேன். "கலியமூர்த்தி, அபயாம்பாள்னா யாருன்னு தெரியுமா?"ன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பாத்தான். அப்புறம் சிரிச்சான் சார். சிரிச்சுட்டு, "அண்ணே, அதை உங்க வீட்டுலயே கேளுங்களேன்"னான்.

எவ்வளவு திமிர் பாருங்க! எங்கம்மா எங்க சார் இருக்காங்க வீட்டுல? சுவத்துல படமா மாட்டியிருக்கு. படத்துகிட்டப் போய்க் கேக்கச் சொல்றான். செத்துப் போனவங்களை வச்சுக் கிண்டல். இந்த ஒரு வார்த்தைக்கே அவன் மேல கேஸ் போடலாமா கூடாதா, நீங்க சொல்லுங்க.

என்ன? அவன் எங்கம்மாவைச் சொல்லியிருக்க மாட்டான்றீங்களா? பின்ன யாரைச் சொல்லுவான்? உங்களுக்கு அவனைத் தெரியாது சார்.

சரி, அவன் பாணியிலயே அவனுக்குப் பதில் சொல்லணும்னு முடிவு பண்ணினேன். அந்தக் கம்பெனிக்காரரைத் திரும்பக் கூப்பிட்டு, எங்க வைஃபைக்குப் பேர் மாத்திக் கொடுங்கன்னேன். "கலியமூர்த்தி, எங்கம்மா பேரை உடனே எடு"ன்னு வைக்கணும். தமிழ்ல அவ்வளவு எழுத்துக்கு இடம் இருக்காதுன்னார். சரின்னு சுருக்கி, இங்கிலீஷ் எழுத்துல "கலியமூர்த்தி பேரை எடு"ன்னு வச்சோம். அவர் ரெண்டு தடவை கேட்டார், "நிஜமாவே இதைத்தான் வைக்கணுமா சார்?"னு. நான் ஒரு முடிவு எடுத்தா எடுத்ததுதான்.

அன்னிக்கு சாயங்காலமே தெரு பூரா தெரிஞ்சு போச்சு. மேஸ்திரி வந்து, "என்ன டைம் கீப்பரே, போனைத் திறந்தா உங்க சண்டைதான் முதல்ல வருது"ங்கறார். மெடிக்கல் ஷாப்ல மருந்து வாங்க வந்தவங்கல்லாம் கேக்கறாங்களாம். கலியமூர்த்தி மட்டும் வாயைத் திறக்கலை. பேரையும் எடுக்கலை. மத்தியானமானா அபயாம்பாள் வந்துடுது.

அப்புறம் நடந்ததுதான் பெரிய விஷயம். அவனுக்கு ஒரு பொண்ணு. தமயந்தி. தங்கமான பொண்ணு சார், அதைச் சொல்லணும். கம்ப்யூட்டர் படிச்சிருக்கு. எங்க வீட்டுக்கு வந்து வசந்தாவோட மணிக்கணக்குல பேசிட்டு இருக்கும். போன ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணைப் பாக்க கடலூர்லேருந்து மாப்பிள்ளை வீட்டுல வந்திருந்தாங்க. எல்லாம் பேசி முடியற நேரம். மாப்பிள்ளைப் பையன் யாருக்கோ போட்டோ அனுப்பணும்னு வைஃபை வரிசையைத் திறந்திருக்கான். முதல்ல நிக்குது, "கலியமூர்த்தி பேரை எடு". "இது என்ன மாமா, உங்க பேரைப் போட்டிருக்கு, என்ன தகராறு?"ன்னு கேட்டிருக்கான். அவங்க அப்பா போனை வாங்கிப் பாத்திருக்கார். தெருவுல விசாரிச்சிருக்காங்க. மேஸ்திரி சும்மா இருப்பாரா? யாரோ செத்துப் போன அம்மா விஷயம், போலீஸ் வரைக்கும் போகும் போலன்னு சொல்லி வச்சிருக்கார். அவங்க, ஊருக்குப் போய்ப் பேசிட்டுச் சொல்றோம்னு காபி கூடக் குடிக்காம எழுந்துட்டாங்க. இன்னும் சொல்லலை.

கலியமூர்த்தி எங்க வாசல்ல வந்து கத்தினான் பாருங்க. "யோவ் டைம் கீப்பரு, பொம்பளைப் பிள்ளை வாழ்க்கையில விளையாடறியே, நீ நல்லா இருப்பியா? உன் வீட்டுல நடக்கறதே உனக்குத் தெரியலை, நீயெல்லாம்..." அப்படின்னு ஆரம்பிச்சான். இத்தனை நாள் அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டவன். அப்ப அந்தப் பொண்ணு தமயந்தி ஓடி வந்து, "அப்பா, வேண்டாம்பா, நான் ஆன்ட்டிகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்"னு அவன் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போச்சு. என்ன சத்தியமோ, ஏது சத்தியமோ. நான் அப்பவே சொல்லிட்டேன், இனிமே போலீஸ்தான்னு.

அன்னிக்கு வசந்தா சாப்பிடலை. "அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணிச்சு?"ன்னு அதையே சொல்லிட்டு இருந்தா. அப்புறம், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்"னா. எதுவா இருந்தாலும் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்து பேசிக்கலாம்னேன். எனக்குத் தலை கொதிக்குது, அந்த நேரத்துல இவ என்ன, சிலிண்டர் தீர்ந்துடுச்சு, மளிகை வாங்கணும்னு ஏதாவது சொல்லுவா. இன்னிக்குக் கிளம்பறப்பவும் ஆரம்பிச்சா. நான் கையைக் காட்டி நிறுத்திட்டேன். அப்பத்தான் அவ, சரி, ஸ்டேஷன்ல சொல்லிக்கறேன்னது.

அவளுக்கு இந்த மாதிரி விஷயம்னா நல்லாப் பேச வரும். கல்யாணத்துக்கு முன்னாடி தமிழ்ப் புலவர் படிச்சவ. டீச்சர் வேலைக்குக் கூட உத்தரவு வந்துச்சு. எங்க போறது? அம்மாவைப் பாத்துக்க வீட்டுல ஆள் வேணுமே.

அந்த வரிசை எப்படி இருக்கும்னு நீங்க பாத்தா உங்களுக்கே புரியும். இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன். இப்ப அந்தப் பேர் வராது, நாமதான் ஊரைத் தாண்டி வந்துட்டோமே. சும்மா, எப்படி இருக்கும்னு காட்டறேன். இதோ, இங்க அமுக்கினா...

சார்.

இதைக் கொஞ்சம் படிங்க. என் கண்ணுதான் ஏதாவது பண்ணுதா? தமிழ்ல இருக்கா? அபயாம்பாள்தானே? விசிறி முழுசா நிக்குது. ஓடற பஸ்ஸுல, வயக்காட்டு நடுவுல! அப்ப அவனும் இந்த வண்டியிலதான் வர்றான். என்னை முந்திக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுக்கப் பாக்கறான். கொஞ்சம் காலை ஒதுக்குங்க, பின்னாடி பாத்துட்டு வந்துடறேன். இல்லய்யா கண்டக்டரு, எனக்குப் பஸ்ஸுல நிக்கத் தெரியும், எனக்குச் சொல்லிக் கொடுக்காதே.

...இல்லை சார். அவனைக் காணோம். கடைசி சீட்டு வரைக்கும் பாத்தாச்சு. ஒரு விஷயம் பாத்தீங்களா, பின்னாடி போனா விசிறி குறையுது. முன்னாடி வந்தா ஏறுது. முன்னாடி என்ன இருக்கு? டிரைவர் இருக்கார். லேடீஸ்தான் இருக்காங்க. நாலு பேர் பூக்கூடையோட. அப்புறம் வசந்தா.

என்ன கேக்கறீங்க? வசந்தா பேரா? வசந்தாதான். இப்பத்தானே சொன்னேன்.

ரேஷன் கார்டுலயா?

ரேஷன் கார்டுல அபயாம்பாள்தான் போட்டிருக்கும். அது சும்மா கார்டுக்கு. ஆதார்லயும் அதான். பாங்க்லயும். அதெல்லாம் இருக்கட்டும் சார், வீட்டுல அது எங்கம்மா பேர்.

...

கொஞ்சம் இருங்க.

பின்கட்டு ரூம். மத்தியானம். அவளுக்கு எப்படி சார் வைஃபை? அந்தப் பெட்டியெல்லாம் எங்கேருந்து வரும்? கைக்கு அடக்கமா இப்பச் சின்னதா வருதா? பேட்டரியிலயே ஓடுமா? அப்ப கரெண்ட் போனாலும்... சரி. அந்தப் பொண்ணு வாங்கிக் கொடுத்திருக்கும். தமயந்தி. கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு. அதைத்தான் அப்பன்காரனும் வீட்டுலயே கேளுங்கன்னான். அவன் நேரா சொல்லியிருக்கக் கூடாதா? அபயாம்பாள் உங்க சம்சாரம்தான் அண்ணேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா? எல்லாத் தப்பும் அவன் பேர்ல இல்லைன்னு நான் ஒத்துக்கறேன். ஆனா அவன் சிரிச்சிருக்கக் கூடாது.

இவளாவது சொல்லியிருக்கலாம்ல? ஒரே வீட்டுல இருக்கோம். ஒரே தட்டுல... சரி, ஒரே தட்டு இல்லை, நான் சாப்பிட்டப்புறம் அவ சாப்பிடுவா. இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன சார்?

வேணும்னு அவ கேட்டாதான். கேக்கலைன்னு நான் சொல்லலை. ஆனா ஆஸ்திரேலியான்னு ஆரம்பிச்சா யாருக்குப் புரியும்?

அப்ப ஸ்டேஷன்ல அவ சொல்றேன்னது... எனக்குச் சாட்சி இல்லை. இன்ஸ்பெக்டர் முன்னாடி, "அந்தப் பேர் என் பேர், அந்த வைஃபை என்னுது"ன்னு சொல்லப் போறா. நான் கையைக் காட்டி நிறுத்த முடியாத இடமாப் பாத்து சொல்லப் போறா. என்னைத் தலை குனிய வைக்கவா? இல்லை சார், அப்படிப்பட்டவ இல்லை. அந்தப் பொண்ணு கல்யாணத்துக்காக. வேற வழி தெரியாம.

கடலூர்க்காரங்க இன்னும் பதில் சொல்லலை. முடிஞ்சு போயிருக்காது, இல்லையா? நான் பேசினா கேப்பாங்களா? என்னன்னு பேசறது? "அந்தப் பேர் என் சம்சாரத்தோடது, எனக்கே தெரியலை"ன்னு வேத்து ஆள்கிட்ட எப்படி சார் சொல்றது? கொஞ்சம் கௌரவமாச் சொல்ற மாதிரி ஏதாவது வழி இருந்தாச் சொல்லுங்களேன். வயசானவன், கவனிக்கலை, அப்படி. ம்? வேற மாதிரி சொன்னா நம்ப மாட்டாங்களா? அப்படியேதான் சொல்லணுமா?

சொல்லணும்னா சொல்றேன். இன்னிக்கே பேசிடணும். அவங்க நம்பர் கலியமூர்த்திகிட்டதான் இருக்கும். அவன் வாசல்ல போய் நிக்கணும். சரி.

பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சா? நீங்க இறங்குங்க, பின்னாடி வழியா இறங்குங்க, கூட்டம் இருக்காது. நான் அவளைக் கூட்டிக்கிட்டு அப்படியே திரும்ப சீர்காழி வண்டியைப் பிடிக்கணும்.

வசந்தா! ஊர் வந்தாச்சு, எழுந்திரு!

கேக்கலை பாருங்க, காதுல ஒயர். இருங்க, வண்டிச் சத்தம் நின்னுடுச்சு. அவ பேசறது கேக்குது. "இல்லடா கண்ணா, நாக்கை உள்ளே மடி. ம். இப்பச் சொல்லு, வாழைப்பழம். அடேயப்பா! எங்க, எல்லாரும் அவனுக்குக் கை தட்டுங்க." இந்தக் குரலை எங்க வச்சிருந்தா இவ? எங்க வீட்டுல இப்படி ஒரு குரல் இருக்கறதே எனக்குத் தெரியாது. எட்டிப் பாத்தா, போன்ல நாலஞ்சு குழந்தை முகம், எல்லாம் வாயைத் திறந்துக்கிட்டு. அந்த ஆஸ்திரேலியாப் பசங்க.

என்னைப் பாத்துட்டா. பயந்து அணைச்சுடுவாளோன்னு நினைச்சேன். இல்லை. நான் போனை இப்படி அவ பக்கம் காட்டினேன், அந்தப் பேரோட. பாத்தா. பாத்துட்டு, உக்காருங்கன்னு பக்கத்து சீட்டைக் காட்டிட்டு, திரும்பவும் குழந்தைங்க பக்கம் போயிட்டா.

நீங்க போங்க சார், உங்க வேலை கெட்டுடும். நான் உக்காந்துக்கறேன்.

என்ன கண்டக்டரு? வண்டி கழுவ ஷெட்டுக்குப் போகணுமா? போகலாம், போகலாம். கொஞ்ச நேரம் நின்னா ஒண்ணும் ஆகாது. சத்தம் போடாதய்யா. பாத்தாத் தெரியலை? டீச்சர் பாடம் நடத்திக்கிட்டு இருக்காங்க.